பீப்பாயின் எடை

நவம்பர் வந்தால் ரூசே நகரத்தில்
எங்கள் எட்டு மாடிக் கட்டடத்தின் நிலவறை
உப்பும் முட்டைக்கோஸுமாய்ப் புளிக்கத் தொடங்கும்.
வீட்டுக்கொரு பீப்பாய், பீப்பாய்க்கொரு சண்டை.
இரண்டு நாளுக்கொருமுறை அடியிலிருந்து
உப்புநீரை இறக்கி மேலே ஊற்ற வேண்டும்.
தவறினால் அழுகும்.
எனக்கோ இரவு ஷிப்ட், இடது முழங்காலில் வலி.
ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வாங்கினேன்,
தீப்பெட்டியைவிடச் சிறியது.

மீன்தொட்டிப் பம்ப் ஒன்று, ரிலே ஒன்று,
நீளம் போதாத ஒரு குழாய்.
நான்கு மணிக்குப் பத்து நிமிடம் காற்றூது
என்று எழுதினேன்.
ஒரே நிமிடம் ஊதி நின்றது.
மில்லிநொடிக் கணக்கில் ஒரு பூஜ்ஜியம் விட்டிருந்தேன்.
முதல் வெப்பமானி எட்டு நாள் தாங்கியது;
அதன் செம்பை உப்பு
பச்சை பூக்கப் பூக்கத் தின்று தீர்த்தது.

எடை பார்க்க அவசியமே இல்லை.
ஆனால் பிழைப்பு அதுதான்:
டான்யூப் துறைமுகத்து எடைமேடையில்
கோதுமை லாரிகளை நிறுத்துச்
சீட்டுக் கிழிக்கிறவள் நான்.
பீப்பாய்க்கு அடியில் நான்கு லோட் செல் வைத்து
சர்க்கரைப் பொட்டலங்களால் அளவு திருத்தினேன்.
நூற்று முப்பத்தொன்று புள்ளி ஆறு.
திரையில் எண் எழுந்தபோது
கைதட்ட ஆளில்லை. நானே தட்டினேன்.

டிசம்பர், முதல் வியாழன், இரவு இரண்டு பதினான்கு:
ஒரு கிலோ நானூறு குறைந்தது.
ஆவியாகிற தண்ணீர் மணி பார்த்துப் போகாது.
அடுத்த வியாழன், இரண்டு இருபது:
ஒரு கிலோ முந்நூறு.
ஒரு தலை. நடுத்தரத் தலை.

"கேமரா வை, ராடோஸ்வெட்டா" என்றான்
நான்காம் மாடி மித்யோ.
"பலகைக் கணினி ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது,
முகத்தைக்கூடக் கண்டுபிடிக்கும்."
கொண்டுவந்தும் கொடுத்தான்.
மேசைமேல் அதன் பச்சை விளக்கு
சொல், சொல் என்று சிமிட்டிக்கொண்டிருந்தது.

உப்பைத் தின்றவர் தண்ணீர் குடிக்கட்டும் என்று
மூன்று நாள் கோபத்தில் இருந்தேன்.
நான்காம் நாள் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
எடை குறையும் முன்
கோடு நடுங்குகிறது:
கூடுகிறது, குறைகிறது, மறுபடி கூடுகிறது,
நாற்பது நொடி.
விளிம்பில் கையூன்றி
யாரோ மூச்சு வாங்குகிறார்கள்.
இருட்டில்.
நிலவறை பல்பு போன மார்ச்சில் போனது,
மாற்றுவது யார் முறை என்பது
இன்னும் வழக்கில் இருக்கிறது.

மித்யோவின் கணினியைத் திருப்பிக் கொடுத்தேன்.
மூடி நகர்ந்தால் விளக்கு எரி.
நான்கு வரி நிரல், ஒரு முழ எல்இடி பட்டை, வெள்ளை.

வியாழன், இரண்டு பதினேழு.
எடைமேடையில் லாரி ஹாரன் அடிக்க அடிக்க
கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூடி நகர்ந்தது.
இரண்டு நிமிடம் கோடு அசையவே இல்லை.
மூடி மூடியது.
ஒரு கிராம் குறையவில்லை.

பிறகு வியாழக்கிழமைகள்
வெறும் வியாழக்கிழமைகளாகவே போயின.
அவமானப்படுத்திவிட்டேன்.
எதை எழுதி அதை அழிப்பது,
எனக்குத் தெரிந்த மொழியில் அதற்குக் கட்டளை இல்லை.

ஜனவரி. செவ்வாய். பட்டப்பகல், நான் தூங்கும் நேரம்.
நானூற்றுப் பத்து கிராம்
கூடியிருந்தது.

லோட் செல் செத்தது என்றுதான் நினைத்தேன்.
சர்க்கரைப் பொட்டலத்தோடு கீழே இறங்கி
மூடியைத் தூக்கினேன்.
வெள்ளை வெளிச்சத்தில்
உப்புநீர் முழுக்க ரோஜா நிறம்;
தலைகளுக்கு நடுவே செருகி
தோல் சீவிய ஒரு பீட்ரூட்.

நிறம் பார்க்கிற சென்சார் நான் வைத்திருக்கவில்லை.

இப்போது வியாழன்தோறும் ஒரு கிலோ சொச்சம் குறைகிறது.
எச்சரிக்கை அனுப்பும் வரியை எடுத்துவிட்டேன்.
திருடன் சிக்கினானா என்று மித்யோ கேட்டான்.
எந்தத் தராசும் கொஞ்சம் அலையும் என்றேன்,
சீட்டுக் கிழிக்கும் குரலில்.